முப்பத்தொரு பேர் அடையாளம் கண்ட குரல்

வானொலியில் பேச வேண்டும் என்று ஹார்ம் லூபன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. பேசுவதே அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காத காரியம். பிரேமன் நகரத்து வானொலி நிலையத்தில் எட்டு வருடமாக அவருடைய வேலை, நிலவறையில் கொதிகலனுக்குக் கரி போடுவது, தபால் மூட்டையை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது, வாசல் கதவைத் திறந்து மூடுவது. கதவைத் திறக்கும்போது ஒரு வணக்கம், மூடும்போது ஒரு தலையசைப்பு. அதற்கு மேல் அவரிடமிருந்து வார்த்தை வாங்கியவர்கள் அந்தக் கட்டிடத்தில் குறைவு.

அவருடைய தொண்டையும் ஒரு காரணம். போருக்கு முன்னால் வேசர் ஆற்றுக் கப்பல்களில் உலைக்குக் கரி தள்ளியவர். பிறகு பட்டாளம், பிறகு ரஷ்யாவில் கைதிகள் முகாம். 1948 இலையுதிர் காலத்தில் திரும்பி வந்த பிறகு உடம்பு தேறிவிட்டது, தொண்டை தேறவில்லை. எதைச் சொன்னாலும் ஈர விறகைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் 1956 டிசம்பரில் இயக்குநர் இல்ஸபெத் கோர்ஃப் நிலவறைப் படியில் இறங்கி வந்தார். கழுத்தில் ஒலிவாங்கியின் கம்பி, கையில் கசங்கிய காகிதம், முகத்தில் தூக்கமில்லாத எரிச்சல். அவர் தயாரித்துக்கொண்டிருந்த தொடர் நாடகத்தில் ஒரு சின்ன வேடத்துக்கு அமர்த்திய நடிகர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"ஹெர் லூபன், கொஞ்சம் இருமுங்க பாப்போம்." கரி போடுகிறவரையும் 'ஹெர்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"எதுக்கு?"

"சும்மா இருமுங்க."

இருமினார். கோர்ஃப் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மேல வாங்க. நாலே வரி. படிச்சிட்டு வந்து கரி போடலாம்."

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்க."

"நடிச்சீங்கன்னா நானே வெளிய தள்ளிடுவேன். படிங்க, போதும்."

நாடகத்தின் கதை இதுதான். நிலவின் மறுபக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம், அதில் பன்னிரண்டு பேர். ஒருநாள் அங்கிருந்து செய்தி வருவது நின்றுவிடுகிறது. விசாரிக்கப் போகிறவர் பதினொரு உடல்களைப் பார்க்கிறார். பன்னிரண்டாவது ஆள் எங்கே, கொன்றவர் யார் என்பதுதான் ஆறு பாகத்துக்கும் இழுக்கும் மர்மம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதக் குரல் கேட்கும். "நான் இங்கதான் இருக்கேன்" என்று தொடங்கி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணி, "யாருக்காவது கேக்குதா?" என்று முடியும்.

ஹார்ம் ஒலிவாங்கியின் முன்னால் நின்று படித்தார். நடுவில் "வெப்பநிலை தாங்கக்கூடியதாக உள்ளது" என்று ஒரு வரி எழுதியிருந்தது. அது அவர் வாயில் நுழையவில்லை. "குளிரு அவ்வளவா இல்ல" என்று சொல்லிவிட்டு, தப்பாகிவிட்டதோ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கோர்ஃப் கையை உயர்த்தி அப்படியே விடச் சொன்னார். பிறகு அந்த நாடாவை, நிலவறையில் காலியாகக் கிடந்த எண்ணெய்ப் பீப்பாய்க்குள் ஒலிபெருக்கியை வைத்து ஓடவிட்டு, திரும்பவும் பதிவு செய்தார்கள். கேட்டபோது ஹார்முக்கே முதுகு சிலிர்த்தது. தன் குரல் என்று அவரால் நம்ப முடியவில்லை.

"ஆறாம் பாகம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. வீட்லயும்தான்," என்றார் கோர்ஃப்.

ஹார்ம் சொல்லவில்லை. அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கேட்கும்போது ஹில்கேயே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். குழந்தைகள் இல்லை. வாலே பகுதியில், குண்டு விழுந்து மறுபடி கட்டிய ஒரு தெருவில் இரண்டு அறை. மனைவியை வியக்க வைக்கும்படி அவரிடம் எதுவும் இருந்ததில்லை. முதல் தடவையாக ஒன்று கிடைத்திருந்தது.

ஜனவரி ஒன்பது, புதன்கிழமை மாலை எட்டு மணி. ஹில்கே மடியில் பாத்திரத்தை வைத்து மறுநாளைக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நாடகம் ஓடிற்று. காற்றடைப்புக் கதவுகள் திறந்தன, காலடிகள் நின்றன, யாரோ ஒருத்தி வீறிட்டாள். பிறகு இரைச்சல். அதற்குள்ளிருந்து அந்தக் குரல்.

ஹில்கேயின் கத்தி நின்றது. பாதி சீவிய கிழங்கை அப்படியே பிடித்துக்கொண்டு வானொலிப் பெட்டியையே பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. குரல் பன்னிரண்டு வரை எண்ணி முடித்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்று ஹார்ம் சிரித்துக்கொண்டார். வந்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கற்கண்டு போட்ட டீயை அவர் முன்னால் வைத்தாள், கண் வீங்கியிருந்தது.

"நாடகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான். தன்னோடு விளையாடுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தபால் திங்கட்கிழமை வந்தது. வழக்கமாக ஒரு நாடகத்துக்கு இருபது கடிதம் வந்தால் பெரிது. இதற்கு இரண்டு மூட்டை. மூன்றாம் மாடியில் கடிதங்களைப் பிரித்து வகைப்படுத்துவது மேட்டா ஓன்கன் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. ஹார்ம் மூட்டையை இறக்கி வைத்ததும் நல்லதாக இரண்டைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

"நீன்புர்க்லருந்து ஒரு வாத்தியார். நிலவுல காத்தே கெடையாதாம், கதவு கிறீச்சிட்டா எப்படிக் கேக்கும்னு நாலு பக்கம் எழுதியிருக்கார். படமும் போட்டிருக்கார். அடுத்தது ஒரு அம்மா, பயந்துபோய்ச் சூப்பைக் கவுத்துட்டாங்களாம், தரைவிரிப்பு பாழாம்." ஓன்கன் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, ஓரமாக வைத்திருந்த ஒரு சின்னக் கட்டைத் தொட்டார். "இதை மட்டும் எங்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியல, ஹெர் லூபன். படிச்சுப் பாருங்க."

அந்தப் பதிவின் போது காகிதம் தட்டச்சு செய்தவர் ஓன்கன்தான். குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

முதல் கடிதத்தில் ஒரு புகைப்படம் செருகியிருந்தது. கோட்டு அணிந்த இளைஞன், ஒரு பக்கமாக வகிடு. "எண்ணுகிறவர் என் கணவர். 1943 முதல் தகவல் இல்லை. அவரை எங்கே வைத்துப் பதிவு செய்தீர்கள் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்." இரண்டாவது ஒரு தாயுடையது. மூன்றாவதைத் தங்கை எழுதியிருந்தாள். நான்காவது கடிதத்தில் படைத் தபால் எண், பிறந்த தேதி, மேல்வரிசையில் எந்தப் பல் இல்லை என்பது வரை இருந்தது. ஹார்ம் நின்றபடியே படித்தார். ஒன்பதாவதற்குப் பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

எல்லாரும் ஒரே இடத்தைக் குறித்து எழுதியிருந்தார்கள். குரல் ஏழு என்று சொன்ன பிறகு ஒரு கணம் நிற்கிறது, அப்புறம்தான் எட்டு வருகிறது. என் மகனுக்கு எட்டு என்ற சொல் சின்ன வயதிலிருந்தே திக்கும் என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். எங்களுக்குக் கல்யாணமான தேதி எட்டு, அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது என்று ஒரு மனைவி.

"பதினாலு பேரு," என்றார் ஓன்கன் மெதுவாக.

இரண்டாம் பாகம் புதனன்று ஒலிபரப்பானது. வெள்ளிக்கிழமைக்குள் முப்பதாகிவிட்டது. ஹார்ம் அந்த இரண்டு நாளும் கொதிகலனை ஒழுங்காகப் பார்க்கவில்லை. மாடியில் இருந்தவர்கள் குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். போன வருடம்தான் ரஷ்யாவிலிருந்து கைதிகளின் கடைசி ரயில் வந்து நின்றது. அதில் இறங்காதவர்களைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்று நாடே முடிவு செய்த மாதிரி இருந்தது. இவ்வளவு பேர் இன்னும் வானொலிப் பெட்டியருகில் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, நல்ல தொப்பி, நனைந்த காலணி, கையில் ஒரு பை.

"நான் வெர்டன்லருந்து வர்றேன். அலைடா நோர்ட்மன். கடிதம் போட்டேன், பதில் வரல. அந்த நாடகத்தை எடுத்தவங்களைப் பாக்கணும்."

"என்ன விஷயமா?" என்றார் ஹார்ம்.

"என் புருஷன் விஷயமா." அவர் பையைத் திறந்து புகைப்படத்தை எடுத்து நீட்டினார். "துறைமுகத்துல மூட்டை எண்ற வேலை. ஏழு மூட்டைக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்குவார். ஏழு, அப்புறம் மூச்சு, அப்புறம் எட்டு. உலகத்துல வேற யாரும் அப்படி எண்ண மாட்டாங்க."

ஹார்ம் அவரையே பார்த்தார். அந்தக் குரலோடுதான் இந்தப் பெண்மணி பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு சின்ன சந்தேகம்கூட அந்த முகத்தில் எழவில்லை.

"ஃப்ராவ் நோர்ட்மன், அது நான்."

"எது?"

"எண்ணினது. நடிகருக்குக் காய்ச்சல், என்னைப் படிக்கச் சொன்னாங்க."

அலைடா நோர்ட்மன் சிரித்துவிட்டார். கோபத்துக்கு முன்னால் வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு. "என்னை அனுப்பிவிடச் சொன்னாங்களா? நீங்க காவல்காரர்தானே. உள்ள போய் யாரையாவது வரச் சொல்லுங்க."

கோர்ஃப் வந்தார். கடிதக் கட்டு ஏற்கெனவே அவர் மேசைக்குப் போயிருந்தது. அதைப் படித்ததிலிருந்து அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தையும் விவாதிக்காமல் அலைடாவைக் கூட்டிப்போய்ப் பதிவு அறையில் உட்கார வைத்து, காதில் கேட்பானை மாட்டிவிட்டார். ஹார்ம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நிலவறையில் பீப்பாயை மறுபடி இணைத்தார்கள்.

ஹார்ம் படித்தார். "நான் இங்கதான் இருக்கேன். குளிரு அவ்வளவா இல்ல." எண்ணத் தொடங்கினார். ஏழு வந்தது, நின்றது, எட்டு.

அலைடாவின் வாய் திறந்தபடி இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரியும் உதடுகளையும் காதில் விழும் குரலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முடிந்ததும் கேட்பானைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார்.

"ஏழுக்கு அப்புறம் ஏன் நிறுத்தறீங்க?"

ஹார்முக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "எச்சில் முழுங்கறேன்ங்க. தொண்டை காய்ஞ்சிடும்."

நாடா சுற்றிக்கொண்டிருந்தது.

"எச்சில்," என்றார் அலைடா. கேட்பானை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தார். "போன மாசம் அவர் இறந்துட்டார்னு அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துல மனு கொடுத்திருந்தேன். எங்க தெருவுல ஒருத்தர், தச்சர், நல்ல மனுஷன், மூணு வருஷமா காத்துட்டிருக்கார். நாடகம் கேட்ட மறுநாளே போய் மனுவைத் திரும்ப வாங்கிட்டேன். அவர்கிட்ட இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டேன். என் புருஷன் உயிரோட இருக்கார்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்."

அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். திட்டுவார் என்று ஹார்ம் எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோர்ஃப் நாற்காலியில் சரிந்து, "நான் பயமுறுத்தணும்னுதான் நெனச்சேன். சும்மா பயமுறுத்தணும்னு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹார்ம் மாலைத் தபாலை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். ஓன்கன் பிரித்துக்கொண்டே வந்தவர் ஓர் உறையைத் தனியாக எடுத்தார். "முப்பத்தொண்ணு. இது நம்ம ஊருதான். ஹில்கே புஸ்ஸுன்னு ஒருத்தங்க. அண்ணன்னு எழுதியிருக்காங்க."

புஸ் என்பது ஹில்கே கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய பெயர். உறையின் மேல் அந்தச் சாய்ந்த எழுத்தை ஹார்ம் தினமும் கடைக்குப் போகும் சீட்டில் பார்க்கிறவர். பதில் அனுப்பப் பக்கத்து வீட்டு முகவரி கொடுத்திருந்தாள்.

"என் அண்ணன் மைனெர்ட் 1944 கோடையிலிருந்து காணவில்லை. சிறு வயதில் ஒளிந்து விளையாடும்போது அவன் ஏழு வரை எண்ணிவிட்டு, நான் எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று விரலிடுக்கில் பார்ப்பான். அப்புறம்தான் எட்டு சொல்வான். இதை என் கணவரிடம் சொல்லவில்லை. அவர் அவனுக்கு நெருங்கிய நண்பர். வீண் ஆசை கொடுக்க எனக்கு மனமில்லை."

ஹார்ம் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை மேசை மேல் வைத்தார். ஹில்கே பார்த்தாள். கன்னம் சிவந்தது.

"மத்தவங்க கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கறதுதான் உனக்கு அங்க வேலையா?"

"ஹில்கே, அது மைனெர்ட் இல்ல. நான்."

"என்ன நீ?"

"அந்தக் குரல். நான்தான் படிச்சேன். உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உளறாதே ஹார்ம். பதினெட்டு வருஷமா உன்கூடக் குடித்தனம் பண்றேன், உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அவர் நின்றபடியே எண்ணிக் காட்டினார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். பன்னிரண்டு முடிந்ததும், "இல்ல," என்றாள். "அது வேற ஆளு." பீப்பாயைப் பற்றிச் சொன்னார், காய்ச்சல் வந்த நடிகரைப் பற்றிச் சொன்னார். அவள் இல்லையென்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் சொன்னார்.

"குளிரு அவ்வளவா இல்லன்னு வருதே, அது காகிதத்துலயே கெடையாது. அது நானா சொன்னது."

ஹில்கே திரும்பினாள். பிறகு அலமாரியைத் திறந்து, கல்யாணப் பத்திரமும் ரேஷன் அட்டைகளும் கிடந்த டப்பாவிலிருந்து ஒரு பழுப்பு அட்டையை எடுத்தாள். முகாமிலிருந்து 1946இல் ஹார்ம் எழுதியது. இருபத்தைந்து சொல்லுக்கு மேல் எழுத அனுமதி இல்லாத அட்டை. "நான் நலம். உணவு கிடைக்கிறது. குளிர் அவ்வளவாக இல்லை."

"எல்லாரும் அதைத்தான் எழுதுவோம்," என்றார் ஹார்ம். "வேற எழுதினா அட்டை வெளிய போகாது. எங்க கொட்டகையில இருந்த அத்தனை பேரும் அதே வரிதான்."

சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. முப்பத்தொரு பேரில் எத்தனை பேருடைய டப்பாவில் இந்த மாதிரி அட்டை இருக்கும், எத்தனை பேருக்கு இந்த ஒரு வரிதான் கடைசியாக வந்தது என்று நினைத்துப் பார்த்தார்.

ஹில்கே அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. "அண்ணன் குரல்னு சத்தியம் பண்ணியிருப்பேன்," என்றாள். "நீ பக்கத்துல உக்காந்திருந்தே. உன்னை எனக்கு அடையாளம் தெரியல." பிறகு, "நெஜமா எவ்வளவு குளிரு அங்க?" என்று கேட்டாள்.

"நாப்பது. பூஜ்யத்துக்குக் கீழ."

எட்டு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்று சாப்பாடு ஆறிக் கிடந்தது.

சனிக்கிழமை காலை ஹார்ம் நேராக கோர்ஃபின் அறைக்குப் போனார். "வர்ற புதன்கிழமை நாடகத்துக்கு முன்னால நான் பேசணும்."

"பேசினா மர்மமே போயிடும், ஹெர் லூபன்," என்றார் கோர்ஃப். உடனே கையை வீசினார். "போகட்டும். பேசுங்க."

ஜனவரி இருபத்துமூன்று அன்று, பீப்பாய் இல்லாமல், இரைச்சல் இல்லாமல் அவர் பேசினார். "என் பேரு ஹார்ம் லூபன். இந்தக் கட்டிடத்துல கொதிகலன் பாக்கறேன். இந்த நாடகத்துல எண்ற ஆள் நான்தான். முகாமுக்குப் போய் 1948ல திரும்பி வந்தேன். ஏழுக்கு அப்புறம் நிறுத்தறது தொண்டைக்காக. எனக்குக் கடிதம் போட்டவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். உங்க ஆளு நான் இல்ல." அவ்வளவுதான் சொன்னார்.

கதை அதோடு முடிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். திங்கட்கிழமை நாலு மூட்டை வந்தது. திட்டியவர்கள் உண்டு, நன்றி சொன்னவர்கள் உண்டு. நீன்புர்க் வாத்தியார்கூடத் தன் அண்ணன் மகனைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். ஆனால் அந்த முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் மறுபடி எழுதியிருந்தார்கள், நம்பவில்லை என்று. இதைச் சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று ஒருவர். அறிவிப்பில் பேசியவர் வேறு, நாடகத்தில் எண்ணியவர் வேறு, எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று ஒருவர். திக்கும் மகனின் தாய், தன் மகனுக்கு யாராவது ஒரு கம்பளிக் கழுத்துப்பட்டை கொடுக்கவும் என்று எழுதி, பட்டையையும் வைத்து அனுப்பியிருந்தார்.

ஹார்ம் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஓன்கனிடம் காகிதம் கேட்டு வாங்கி, ஒன்பது பேருக்கும் தன் கையாலேயே பதில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹில்கேயும் அவரும் ரயில் ஏறி அவர்களில் நாலு பேரை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். இரண்டு பேர் அவர் நேரில் எண்ணிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் கதவையே திறக்கவில்லை. பட்டை அனுப்பிய தாய் காபி போட்டுக் கொடுத்து, ஹார்மின் முகத்தைத் தடவிப் பார்த்து, "நீ நல்ல பிள்ளைதான். ஆனா எண்ணினது நீ இல்ல," என்றார். திரும்பும் ரயிலில் ஹில்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மிச்ச பாகங்களில் காய்ச்சல் தீர்ந்த நடிகர் அந்த வரிகளைப் படித்தார். குரல் மாறிவிட்டது, ஏமாற்றிவிட்டீர்கள் என்று நூறு பேர் புகார் எழுதினார்கள். ஹார்ம் அதற்குப் பிறகு ஒலிவாங்கியின் முன்னால் நின்றதில்லை. ஓய்வு பெறும் வரை கரி போட்டார், கடைசி வருடங்களில் எண்ணெய்க் கொதிகலன். மைனெர்டைப் பற்றி, காணாமல்போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்கு ஹில்கே மறுபடி எழுதினாள், இம்முறை ஹார்மின் கையெழுத்தும் கீழே இருந்தது. பதினொரு வருடம் கழித்து, தகவல் ஏதும் இல்லை என்று பதில் வந்தது.

1957 மே மாதமே வெர்டனிலிருந்து ஓர் அட்டை வந்தது. ஹார்ம் அதைச் சாப்பாட்டு மேசையில் ஹில்கேக்குப் படித்துக் காட்டினார். மனுவை மறுபடி கொடுத்துவிட்டதாகவும், தச்சர் முதலில் பேசவே மறுத்ததாகவும், இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதாகவும் அலைடா நோர்ட்மன் எழுதியிருந்தார். உங்கள் மேல் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். கீழே நெருக்கி இன்னொரு வரி. "மீதி நாலு பாகத்தையும் கேட்டேன். கொலை செய்தது அந்த டாக்டர்தான் என்று எனக்கு இரண்டாம் பாகத்திலேயே தெரிந்துவிட்டது."

"எனக்குத் தெரியல," என்றாள் ஹில்கே. "நான் அந்தச் சமையல்காரன் மேலதான் சந்தேகப்பட்டேன்."